சம்பந்திக்கு எந்த கிளாஸ்?

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எடின்பரோவில் ஒரு கண்ணாடிச் சாமான் கடைக்குள் போய், விஸ்கி குடிக்கிற கிளாஸ் வேண்டும் என்று கேட்டேன். ஸ்காட்லாந்துக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே துறைமுகத்தில் விஸ்கி கன்டெய்னர்களுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிற வேலையில்தான் என் குடும்பம் சோறு தின்கிறது. ஆனாலும் என் வீட்டுக்கென்று விஸ்கி கிளாஸ் வாங்கப் போனது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கா, யாருக்காவது பரிசு கொடுக்கவா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். சம்பந்திக்கு என்று சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றேன். ஆங்கிலத்தில் சம்பந்திக்கு வார்த்தை கிடையாது. ஊர் உலகத்தையெல்லாம் கட்டி ஆண்டவர்கள், பெண்ணைக் கொடுத்தவனும் எடுத்தவனும் ஒருவரையொருவர் என்னவென்று கூப்பிடுவது என்பதை யோசிக்காமலே விட்டிருக்கிறார்கள். "என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனுடைய அப்பாவுக்கு" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக வாழ்த்துச் சொன்னாள். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் அந்த வாழ்த்து கொஞ்சம் அவசரம். பெண்ணைப் பெற்ற என் மனைவி கனி அதுவரை சரி என்று சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பையனும் அவன் அப்பாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. அந்த மனிதரை நேரில் பார்த்த பிறகுதான் பதில் என்று கனி சொல்லிவிட்டாள். அவள் வேண்டாம் என்றால் மகள் ஆனந்தி அம்மாவை மீறிக் கல்யாணம் செய்துகொள்வாள். அதற்கப்புறம் தாயும் மகளும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேருடைய பிடிவாதமும் எனக்குத் தெரியும். ஒன்றை நான் கட்டிக்கொண்டேன், இன்னொன்றைப் பெற்று வளர்த்தேன்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எதுவும் பிசகக் கூடாது. கிளாஸ் உட்பட.

2

பையன் பெயர் ரோரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனந்தி அவனைப் பற்றி முதலில் சொன்னபோது கனி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிறம், மதம், சாதி, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அழுது முடித்தாள். முடித்த பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஊரில் மாப்பிள்ளை விசாரிக்கிற தோரணையில் உட்கார்ந்தாள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. விசாரிக்க ஆரம்பித்தவள் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள் என்று அர்த்தம்.

"பையன் குடிப்பானா?"

"எப்பவாவது ஒரு பியர்ம்மா."

"அவுக அம்மா?"

"இல்ல. அவன் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே இறந்துட்டாங்க."

கனியின் முகம் இளகியது. "பாவம். அப்பா என்ன வேல பாக்காரு?"

ஆனந்தி என்னைப் பார்த்தாள். மூன்று வயதில் எங்களோடு விமானம் ஏறியவள். அவள் தமிழும் ஏறக்குறைய அந்த வயதில்தான் நிற்கிறது. சாப்பாடு, கோபம், கொஞ்சல் எல்லாவற்றுக்கும் வார்த்தை உண்டு, வேலைக்கும் பதவிக்கும் கிடையாது. அப்பாவாவது நாசூக்காகச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள் போல. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லித் தொலைத்தாள்.

"சாராய ஃபேக்டரிம்மா."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பனங்காட்டுக்குள் ஊறல் போட்டவனை போலீஸ் துரத்துமே, கனியின் கண்ணுக்கு முன்னால் அந்தக் காட்சிதான் ஓடியிருக்கும். அது அரசாங்க உரிமம் பெற்ற பெரிய ஆலை, அவர் அங்கே முப்பது வருடமாகப் பீப்பாய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற மரியாதையான மனிதர் என்று நான் எடுத்துச் சொல்லச் சொல்ல, அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் புதுக்கோட்டைக்கு அவள் போன் செய்தாள். மாவட்டத் தலைநகரமான புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டை. அங்கே கனியின் மதினி, அதாவது அவளுடைய செத்துப்போன அண்ணனின் மனைவி, இப்போதும் மளிகைக்கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் அவர் காதுக்குப் போகாமல் நடந்ததில்லை.

"பையனோட அப்பா பார்லி கம்பெனில இருக்காரு மதினி" என்று கனி சொல்வது எனக்குக் கேட்டது.

"பார்லியா? பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் குடுப்பமே, அதா?"

"அதேதான்."

பொய் என்று சொல்ல முடியாது. விஸ்கி பார்லியில்தான் ஆரம்பிக்கிறது.

3

கனியின் அண்ணன் துரை, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் கடைக்கே ஒரு களை வந்துவிடும். கருப்பட்டி மொத்த வியாபாரம். உடன்குடிச் சரக்கா, வேம்பார்ச் சரக்கா என்று நாக்கில் வைத்ததும் சொல்லுவார். குடித்துத்தான் செத்தார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஹாலில் அவர் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கனி அதைத் துடைத்துப் பூப்போடுவாள்.

நானும் கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் குடிக்கப் பழகியவன்தான். பாரில் பிளாஸ்டிக் டம்ளர் தருவார்கள். விரலால் கொஞ்சம் அழுத்தினாலே நசுங்கிப் போகும். அதில் சரக்கை ஊற்றி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. உடனே ஒரு துண்டு மாங்காய். நின்றபடியே காரியம் முடிந்துவிடும். ருசி, மணம் என்று யாராவது பேசியிருந்தால், "ஏலே, இவனுக்கு அதுக்குள்ள ஏறிட்டுல்லே" என்று சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் குடிப்பவர்களுக்கு வேறு முறை. அதை முறை என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மரியாதை இருந்தது. வீட்டுக்குள் குடித்தால் எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்க வேண்டும். கண்ணாடியில் ஊற்றினால் நிறம் தெரியும். பிள்ளைகள் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், சாமி படம் பார்க்கும். எவர்சில்வரில் இருப்பது மோரா, வெந்நீரா, வேறேதாவதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குடிக்கிறவனுக்கும் கௌரவம், வீட்டுக்கும் கௌரவம்.

ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகும் நான் அதே முறையைத்தான் கடைப்பிடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கராஜில் இருக்கிற பாட்டிலிலிருந்து கொஞ்சம். ஒரு எவர்சில்வர் டம்ளர். கனிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், நானும் அவள் கண்ணுக்கு நிறத்தைக் காட்ட மாட்டேன். அண்ணனைப் பறிகொடுத்தவளுக்கு நான் செய்கிற மரியாதை என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

4

கிளாஸ் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஊரில் யாராவது விமான நிலையத்தில் வாங்கிய நல்ல பாட்டிலை பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தால், அவருக்காவது பயன்படட்டும்.

சினிமாவில் பணக்கார அப்பா மாடிப்படியில் இறங்கி வரும்போது கையில் வைத்திருப்பாரே, குட்டையாக, அகல வாயோடு, அடி கனமாக, அது ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு. கையில் பிடிக்க நன்றாக இருக்கும். ஆனால் வாய் அகலமானதால் வாசனை நாலா பக்கமும் ஓடிவிடும். நெட்டையான கிளாஸ் சோடா கலக்கிறவர்களுக்கு. வெயில் காலத்துக்கு அது சரி, பழைய சரக்குக்குப் பாவம். பிளாஸ்டிக் தன் வாசனையைச் சேர்க்கும். எவர்சில்வர் வாசனையைக் கொல்லும். உதட்டில் உலோகம் படும்போது நாக்கு சரக்கை மறந்துவிடுகிறது. இவ்வளவையும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சரியான கிளாஸ் சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வயிறு பருத்து, மேலே போகப் போக ஒடுங்கி இருக்கும், பாதி விரிந்த தாமரை மொட்டு மாதிரி. வயிற்றுப்பகுதி வரைக்கும்தான் ஊற்ற வேண்டும். அதற்கு மேலே வெறுமையாக இருக்கிற இடம் வாசனைக்கு. மூக்கை ஒடுங்கிய வாயருகே கொண்டுபோனால், அடியிலிருந்து ஏறி வருகிறதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் இன்னொரு வாசனை திறக்கும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த பொருளை இவர்கள் மூக்கால்தான் பாதி குடிக்கிறார்கள். சோப்பு வாசனையும் கைத்துண்டு வாசனையும் இல்லாமல் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். மீன் வறுத்த அன்றைக்கு இந்தக் கிளாஸை அடுக்களைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இந்த நாட்டு அரசாங்கத்துக்கும் இந்தத் திரவத்தின் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. பீப்பாயில் இருக்கும்போது ஆவியாகிப் போனதற்குக்கூடக் கணக்கு கேட்பார்கள். பாரில் அளவுக் குவளையில் அளந்துதான் ஊற்ற வேண்டும், கண்ணளவுக்கு இடமில்லை. நான் காகிதத்தில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு கன்டெய்னரை விடுவிக்க வாரம் முழுக்க மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஊருக்குப் போகிற கன்டெய்னர் அது. தூத்துக்குடி என்ற பெயரை எந்த அதிகாரியாலும் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

5

சனிக்கிழமை அந்தக் கடையில் தாமரை மொட்டுக் கிளாஸ் நாலு வாங்கினேன். அந்தப் பெட்டி கார் டிக்கியிலேயே இருந்துவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்து எந்த அலமாரியில் வைப்பது? பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் படத்துக்குக் கீழே, கனியின் கண் முன்னால், பொன்னிறமாக மின்னுகிற சரக்கை மேசையில் வைப்பதா என்ற யோசனைதான். ஞாயிறு காலையில் முடிவு செய்தேன்: மேசையில் எவர்சில்வர்தான். சம்பந்தி பெருந்தன்மையான மனிதராக இருந்தால் புரிந்துகொள்வார்.

மர்டோ வந்தார். ரோரியின் அப்பா பெயர் அதுதான். நெட்டையான மனிதர், கழுத்தில் டை, கையில் காகிதம் சுற்றிய ஒரு பாட்டில். அதைப் பிறந்த பிள்ளையைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கனியிடம் நீட்டினார். அவர் வேலை செய்கிற கிடங்கிலேயே ரோரி பிறந்த வருடம் பீப்பாயில் ஊற்றியது என்று சொன்னார். கனி அதை வாங்கி, சுடுகிற பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல அவசரமாக என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

நான் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தேன். பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். மர்டோ டம்ளரைக் கையில் எடுத்தார். பழக்க தோஷம், ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி உயர்த்தினார். எவர்சில்வரில் அவர் மூக்குதான் தெரிந்தது. கீழே இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். மகன் வயசுச் சரக்கு அது. அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். ஆனாலும், "இது ரொம்ப வித்தியாசமாக இருக்கிறது" என்று கண்ணியமாகச் சொன்னார்.

உளுந்தவடைத் தட்டோடு கனி வந்தது அப்போதுதான். மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை ஆனந்தியிடம் கொடுத்தாள்.

"இத யாரு எடுத்து வச்சது?"

"நாந்தான். ஒனக்கு சங்கடமா இருக்கக் கூடாதுன்னு..."

"எனக்கு சங்கடமா?" அவள் குரல் உயரவில்லை. "எங்க அண்ணன் கல்லாப்பெட்டி பக்கத்துல எந்நேரமும் இதே மாதிரி ஒரு டம்ளர் இருந்துச்சு. கடைக்குப் போறப்பல்லாம் பாத்திருக்கேன். தண்ணின்னு நெனச்சோம். வெயிலுக்குத் தண்ணி குடிக்காருன்னு நெனச்சோம். வயிறு வீங்குன பொறவுதான தெரிஞ்சுது, அது தண்ணி இல்லன்னு."

இந்த டம்ளர் கதை எனக்குத் தெரியாது.

"சனிக்கெழம சனிக்கெழம நீங்களும் இதத்தான் வச்சிக்கிட்டு உக்காருதிய. உள்ள ஒரு விரக்கட இருக்கா, ஒரு டம்ளர் முட்ட இருக்கா, எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன எட்டிப் பாக்கவா முடியும்? ஒவ்வொரு வாரமும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா அடுக்களைல நிக்கேன்."

இத்தனை வருடமாக அவளுக்காக என்று நான் பெருமையாக நினைத்திருந்த டம்ளர் அது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் பயந்த பயத்தை நினைத்து எனக்கு நெஞ்சு வலித்தது.

மர்டோவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் தான் கொண்டுவந்த பாட்டில்தான் இந்த வீட்டில் தீயை வைத்தது என்று மட்டும் புரிந்திருந்தது. டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். ரோரி ஆனந்தியைப் பார்த்தான். ஆனந்தியின் கண் நிறைந்துவிட்டது. முடிந்தது கல்யாணம் என்றுதான் நானும் நினைத்தேன்.

"கார் டிக்கில ஒரு பெட்டி இருக்குல்லா" என்றாள் கனி. "அரிசி மூட்டைய எடுக்கப் போகையில பாத்தேன். அத எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். கிளாஸ்களை அவளே வெந்நீரில் கழுவினாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இம்புட்டுக்காண்டுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எவர்சில்வர் டம்ளரில் இருந்ததை மர்டோவே கிளாஸுக்கு மாற்றி ஊற்றினார், ஒரு சொட்டுச் சிந்தாமல். எங்கே வரைக்கும் ஊற்ற வேண்டும் என்று ஆனந்தி மூலமாகக் கனி கேட்டாள். மர்டோ கிளாஸின் வயிற்றில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தைக் கனி நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் மர்டோ ஒரு காரியம் செய்தார். குடிப்பதற்கு முன்னால், தன் கிளாஸைக் கனியிடம் நீட்டி, முகர்ந்து மட்டும் பாருங்கள் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். அவள் தள்ளிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வாங்கினாள். முகர்ந்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"கருப்பட்டி வாசம் அடிக்கி."

ஆனந்தியால் கருப்பட்டியை மொழிபெயர்க்க முடியவில்லை. கனி உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் கடித்தார், ஒரு மிடறு குடித்தார், மறுபடியும் கடித்தார். அதற்கப்புறம் ஆனந்தியைத் தூது விடாமல், இவள் தமிழிலும் அவர் தன் ஊர் ஆங்கிலத்திலும் பீப்பாய்க்கு எந்த மரம், கருப்பட்டிக்கு எந்த மரம் என்று பேசிக்கொண்டார்கள். என்ன புரிந்ததோ, இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சாப்பாடு முடிகிற வரை அந்த ஒரு கிளாஸ்தான். கனி குழம்பு ஊற்றும்போதும் ரசம் ஊற்றும்போதும் அதைப் பார்த்தாள்; என் கிளாஸையும் பார்த்தாள். நான் இன்னொரு முறை ஊற்றப் போனபோது மர்டோ கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிவிட்டார். நானும் என் கிளாஸை மூடிக்கொண்டேன்.

6

அவர்கள் கிளம்பிப் போன பிறகு கனி பாத்திரம் துலக்கினாள். கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். ஊரில் அப்போது மதினி கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நானும் ஆனந்தியும் சோபாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

"மதினி, அன்னைக்கு ஒண்ணு சொன்னம்லா. பார்லி கம்பெனி இல்ல. விஸ்கி கம்பெனி. மாப்பிள்ளையோட அப்பா அங்கதான் வேல பாக்காரு."

மதினியின் கை சோற்றுத் தட்டில் அப்படியே நின்றது. "குடிப்பாரா?"

"குடிப்பாரு. இன்னைக்கு நம்ம வீட்டுலதான் குடிச்சாரு. கண்ணாடி கிளாஸுல. எம்புட்டு இருக்கு, எம்புட்டு கொறஞ்சிருக்குன்னு நான் நின்ன எடத்துலருந்தே தெரிஞ்சுது மதினி. ஒண்ணோட போதும்னுட்டாரு."

மதினி தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் துரையின் அதே படம் இருந்தது, எங்கள் ஹாலில் இருப்பது மாதிரியே.

"கடைக்கு வாரவுக கண்ணுல படக் கூடாதுன்னு, அந்த எவர்சில்வர் டம்ளர நாந்தாம்ளா எடுத்துக் குடுத்தேன்" என்றார். "கௌரவத்துக்குப் பாத்தேன். நானும் கண்ணாடிலயே குடுத்திருக்கலாம். எம்புட்டு குடிக்காருன்னு எனக்காவது தெரிஞ்சிருக்கும்."

கனி அழுதாள். மதினியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மதினிதான் கேட்டார்.

"சரி, கல்யாணம் எப்ப வச்சிருக்கிய?"

"தள்ளிப்போட வேண்டாம் மதினி, தையிலயே வச்சிருவோம்" என்றாள் கனி. "நீங்க பாஸ்போர்ட்டுக்குக் குடுங்க."

ஆனந்தி என் கையை இறுகப் பிடித்தாள். தை மாதம் என்ற பேச்சே அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.